பதுளை வீதியின் மறுமுனை



செங்கலடிச் சந்தியில் மேற்கே பிரிந்து செல்லும் வீதியை நாம் எல்லோரும் அறிவோம். "பதுளை வீதி" என்று சர்வ சாதாரணமாகச் சொல்கிறோம். கறுத்தப் பாலம், கரடியனாறு, புல்லுமலை என்று நமக்குத் தெரிந்த இடங்களோடு அந்தப் பெயர் நம் வாயில் நின்றுவிடுகிறது. வீதிக்குப் பெயர் கொடுத்த ஊர் எப்படிப்பட்டது, அங்கே யார் வாழ்கின்றனர், எதை உழைத்து எதை உண்கின்றனர் என்று கேட்டால் நம்மிற் பலரிடம் பதில் இராது. கனடாவில் எந்த மாதம் பனி கொட்டும் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகள் சொல்லுவார்கள். மேற்குப் புறத்து அயலவரைப் பற்றிக் கேட்டால் விழிப்பார்கள். ஆகவே இவ்வாரப் பாடத்துக்குப் பதுளை நகரத்தை எடுத்துக்கொள்வோம். இலங்கைப் படமொன்றை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு குடும்பமாக இருந்து வாசிப்பது நன்று.

முதலில் வழியைப் பாருங்கள். பேராதனையில் தொடங்கும் ஏ5 பெருவீதி நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு, படிப்படியாக மலையிறங்கிச் செங்கலடியில் முடிகிறது. ஊவா மாகாணத்துக்கும் பதுளை மாவட்டத்துக்கும் தலைநகர் பதுளையே. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில், பதுளை ஓயா என்னும் ஆறு வளைந்து சுற்றியோட, கிண்ணத்தின் அடியில் வைத்தாற்போல் நகரம் அமைந்திருக்கிறது. தலைக்கு மேலே 2,036 மீற்றர் உயரமான நமுனுகுலை மலை. ஒன்பது சிகரம் என்பதே அச்சிங்களப் பெயரின் பொருள். நுவரெலியாவின் குளிரை எண்ணிக் கம்பளிச் சட்டையோடு பதுளையில் இறங்குபவர் ஏமாந்து போவார். பகலில் நன்றாகவே வியர்க்கும். மாநகர எல்லைக்குள் வாழ்வோர் நாற்பதாயிரத்துச் சொச்சம் பேர்தான். மாவட்டத்திலோ 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோர். ஆகவே இது பெரிய நகரமன்று. பெரியதொரு மலைப்பிரதேசத்துக்குச் சந்தையாகவும் கச்சேரியாகவும் ஆஸ்பத்திரியாகவும் நீதிமன்றமாகவும் விளங்கும் நகரம். நமது பகுதிக்கு மட்டக்களப்பு எப்படியோ, அப்படி.

தண்ணீரும் காற்றும்

"அந்த மலைக்கும் எங்கள் வட்டைக்கும் என்ன சம்பந்தம்?" என்று பழுகாமத்து வாசகர் கேட்கக்கூடும். சம்பந்தம் வாய்க்காலில் ஓடுகிறது. பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் ஊற்றெடுக்கும் ஆற்றைச் சிங்களத்தில் கல் ஓயா என்பர். நம் முன்னோர் பட்டிப்பளை ஆறு என்றனர். 1949இல் இங்கினியாகலையில் அதனை மறித்து அணைகட்டும் வேலை தொடங்கியது. சேனநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. அதன் இடதுகரை வாய்க்கால் நீர் நவகிரிக் குளத்துக்கு வந்து, அங்கிருந்து போரதீவுப் பற்று வயல்களுக்குப் பாய்கிறது. அத்திட்டத்தின் குடியேற்றங்களால் நம் மக்களுக்கு நேர்ந்தவற்றை அறியாமல் இதை எழுதவில்லை. அது தனியாக, ஆறுதலாகப் பேசவேண்டிய பாடம். இங்கே கவனிக்க வேண்டியது இவ்வளவுதான்: படுவான்கரையில் சிறுபோகம் கதிர் தள்ளும்போது, அந்தக் கதிருக்குள் ஊவா மலையில் பெய்த மழையும் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. பதுளை நகரைச் சுற்றியோடும் பதுளை ஓயா, துன்கிந்தையில் 64 மீற்றர் உயரத்திலிருந்து அருவியாக விழுந்து, மகாவலியிற் கலந்து, திருகோணமலைப் பக்கம் போய்க் கடலைச் சேருகிறது. 2012 வரை திருகோணமலையும் மட்டக்களப்பும் ஒரே மறைமாவட்டமாக இருந்தன அல்லவா? அந்த மறைமாவட்டத்தின் இரு புறத்துக்கும் ஊவா மலை தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தது.

தண்ணீரைப் போலவே காற்றும். ஆனி, ஆடியில் நம்மைப் பொசுக்கும் கச்சான் காற்றை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உதடு வெடிக்கும், கிணறு வற்றும், பிள்ளைகளுக்குக் கண்ணோய் வந்தால் கச்சான்மீதே பழி. தென்மேற்கிலிருந்து வரும் மழைக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் தன் ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி, வறண்ட காற்றாகக் கிழக்கே இறங்குகிறது. அதுவே கச்சான். நம்மை வந்தடையுமுன் அது ஊவாத் தேயிலைச் செடிகளைத் தடவிக்கொண்டு வருகிறது. அந்த வறட்சியிற் செடி திணறுகிறது. கொழுந்து மெதுவாக வளர்கிறது. இலையில் தனியொரு வாசனை திரள்கிறது. ஏறக்குறைய ஜூலை முதல் செப்டெம்பர் வரையுள்ள அப்பருவத்தில் செய்யப்படும் ஊவாத் தேயிலைக்குக் கொழும்பு ஏலத்தில் மதிப்பு அதிகம். நாம் முணுமுணுத்துக்கொண்டு யன்னல் சாத்தும் காற்றுக்காக அங்கே தேயிலை செய்வோர் வானத்தைப் பார்த்துக் காத்திருக்கின்றனர்.

தேயிலை செய்யும் முறையையும் பிள்ளைகள் அறிந்திருக்கட்டும். விடியற்காலை பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுப்பார்கள். பின்பு பெண்கள் கூடையைத் தலைவாரில் மாட்டிக்கொண்டு மலையேறுவார்கள். தோட்டத்தில் "மலை" என்றால் கொழுந்து பறிக்கும் தேயிலைக் காடு. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்பதே கொழுந்தின் இலக்கணம். நிறுத்த கொழுந்து தொழிற்சாலைக்குப் போய், வாட்டப்பட்டு, உருட்டி அரைக்கப்பட்டு, காற்றுப்படப் பரப்பிப் புளிக்க விடப்படும்; அப்போதுதான் பச்சை இலை செம்பு நிறமாகும். அதன்பின் சூட்டில் உலர்த்திச் சலித்துத் தரம் பிரிப்பார்கள். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். நாளொன்றுக்கு 18 கிலோ பறித்தால்தான் முழுப்பேர் என்ற கணக்குப் பல தோட்டங்களில் உண்டு. 18 கிலோவை நாலரையால் வகுத்துப் பாருங்கள். ஒரு தாய் பகல் முழுவதும் சரிவில் நின்று பறிப்பது நான்கு கிலோத் தூள்.

பழைய நகரம்

பதுளை தேயிலையோடு பிறந்த ஊரன்று. பதுளைத் தூண் கல்வெட்டு என்று பெயர்பெற்ற சாசனம் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மகியங்கனைக்கு அருகே சொரபொர வாவிப் பக்கம் கண்டெடுக்கப்பட்டுப் பதுளைக்குக் கொண்டுவரப்பட்டது. ஹோபிட்டிகம என்ற சந்தையின் வணிகரும் ஊராரும், அதிகாரிகள் சட்டத்தை மீறித் தம்மை வருத்துவதாக, மகியங்கனைக்கு வந்த அரசனிடம் முறையிட்டதையும் அரசன் விதித்த ஒழுங்குகளையும் அது சொல்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்னரும் சந்தை வரிகாரரைப் பற்றி முறைப்பாடு இருந்திருக்கிறது! நகரின் நடுவேயுள்ள முத்தியங்கன விகாரை, பௌத்தர் போற்றும் பதினாறு புனிதத் தலங்களுள் ஒன்று.

நமது கோட்டைக்கும் பதுளைக்கும் துயரமான ஒரு தொடர்பு உண்டு. மட்டக்களப்பில் போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை கட்டினர். அக்காலத் தளபதி கொன்ஸ்தாந்தீனு டி சா, 1630இல் படையோடு ஊவாவுக்குள் புகுந்து பதுளையைக் கொளுத்தினார். திரும்பும் வழியில், வெல்லவாயாப் பக்கத்து ரந்தெனிவெலவில், அவருடன் சென்ற உள்ளூர்ப் படையினர் கண்டியரசன் பக்கம் சேர்ந்துகொண்டனர். தளபதியும் படையும் அங்கேயே அழிந்தனர். அந்தத் தளபதியும் ஞானஸ்நானம் பெற்றவர். எரிந்தது அயலவர் ஊர். விசுவாசத்தின் பெயரால் வந்தவர்கள் செய்த எல்லாவற்றையும் நாம் நியாயப்படுத்த வேண்டிய கடமை இல்லை.

ஆங்கிலேயர் காலத்தில் நடந்தது அதனினும் கொடியது. 1817இல் ஊவாவும் வெல்லச்சையும் கிளர்ந்தெழுந்தன. கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பிட்டிப்பொல திசாவை, தன்னிடமிருந்த ஆயுதங்களை ஆங்கிலேயருக்கே திருப்பியனுப்பிவிட்டு மக்களோடு சேர்ந்தார். 1818 நவம்பர் 26ஆம் நாள் கண்டியில் அவர் தலை வெட்டப்பட்டது. அதற்கிடையில் வயல்கள் எரிக்கப்பட்டன, மாடுகள் கொல்லப்பட்டன, குளங்கள் உடைக்கப்பட்டன. இலட்சம் வயல் என்று பொருள்பட வெல்லச்சை எனப் பெயர்கொண்ட நாடு, காடானது. நாம் மகாஓயாவுக்கும் பிபிலைக்கும் இடையே காணும் வறுமைக்கு இருநூறு வயது.

பதுளையில் அங்கிலிக்கன் சபையாரின் புனித மாற்கு ஆலயம் ஒன்றுண்டு. 1857இல் அபிஷேகம் பண்ணப்பட்டது. அது மேஜர் றொஜர்ஸ் என்பவரின் ஞாபகமாகக் கட்டப்பட்டது. பதுளையை நிர்வகித்து, வீதிகள் அமைத்த அந்த அதிகாரி ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்பர். 1845 ஜூன் 7ஆம் நாள் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். வெல்லாவெளிப் பக்கம் இரவில் யானைக்குப் பயந்து தீ மூட்டிக் காவலிருக்கும் வாசகர் சிலர், அந்த எண்ணிக்கையை வேறு விதமாகப் பார்க்கக்கூடும்!

கோப்பி, தேயிலை, ஆபிரிக்கா

கோப்பிச் செடியின் தாயகம் ஆபிரிக்காவில் எத்தியோப்பியாவின் மலைநாடு. ஆங்கிலேயர் நமது மலைகளிற் காட்டை வெட்டி அதனை நட்டனர். 1869இல் பதுளைக்குக் கிழக்கே மடுல்சீமையில்தான் கோப்பி இலையில் செம்மஞ்சள் தூள் படிந்தாற்போன்ற நோய் முதன்முதல் கவனிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் இலங்கைக் கோப்பி அழிந்தது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கினார். தம்பேதென்னைத் தொழிற்சாலை அவர் காலத்தது.

இதே கதையை ஆபிரிக்காவிலும் காணலாம். கென்யாவில் 1896 முதல் 1901 வரை கடற்கரையிலிருந்து உள்நாட்டு மேட்டுநிலத்துக்கு ஆங்கிலேயர் இருப்புப்பாதை இட்டபோது, இந்தியாவிலிருந்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட கூலியாட்களைக் கொண்டுபோயினர். ஏறக்குறைய 2,500 பேர் அங்கே மாண்டனர். பின்னர் கெரிச்சோ என்னும் மலைநகரைச் சுற்றிச் சொந்த மக்களின் நிலம் பறிக்கப்பட்டுத் தேயிலை நடப்பட்டது. உயரம், சில்லென்ற காற்று, துரை பங்களா, வரிசை வீடுகள் என்று கெரிச்சோவின் படத்தைப் பார்த்தால் பண்டாரவளை என்றே நினைப்பீர்கள். இன்று கறுப்புத் தேயிலை ஏற்றுமதியில் கென்யா நம்மை முந்திவிட்டது. இதில் விசித்திரம் என்னவென்றால், 2023இல் ஜேம்ஸ் பின்லே கம்பனி தன் கெரிச்சோத் தோட்டங்களை விற்றபோது வாங்கியது இலங்கைக் கம்பனியான பிரவுன்ஸ். முதலாளி மாறினார், கூடை சுமப்பவர் மாறவில்லை.

பதுளைக்குப் புகையிரதம் வந்த கதையும் சுவையானது. இருப்புப்பாதை 1885இல் நானுஓயாவையும், 1893இல் அப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. அதற்கப்பால் எஞ்சியிருந்த கொஞ்சத் தூரத்தைக் கடக்க முப்பது ஆண்டுகள் சென்றன. 1924 ஏப்ரலில்தான் பதுளையில் முதல் வண்டி வந்து நின்றது. எல்லைக்கும் (எல்ல என்ற ஊருக்கும்) தெமோதரைக்கும் இடையே இரும்பின்றிக் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் எழுந்த ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் முடிந்தது. தெமோதரையில் பாதை மலையைச் சுற்றி வந்து, தான் விட்டுப்போன நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்துள் புகுந்து செல்கிறது. கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றியதைக் கண்டே பொறியியலாளருக்கு இந்த யோசனை உதித்தது என்றொரு கதை சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, நூற்புத்தகங்களில் கங்காணிக்கும் தொழிலாளிக்கும் கிடைத்த இடம் அந்தத் தலைப்பாகை ஒன்றுதான்.

மலையில் வாழ்வோர்

இப்போது மக்களுக்கு வருவோம். ஊவாவின் பள்ளத்தாக்குகளிற் படிக்கட்டு வயல் செய்யும் சிங்களக் குடியானவர் பழங்குடிகள். பதுளை நகரத்தில் வணிகம் செய்யும் முஸ்லிம்களும் நீண்டகாலமாக இருந்து வருகின்றனர். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் சேர்த்துக்கொண்டு வந்த மக்களின் வழித்தோன்றல்களே தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழர். பதுளை மாவட்டத்தில் ஐவருக்கு ஒருவர் என்பதற்குச் சற்றுக் குறைவான தொகையினர் அவர்கள்.

அவர்களுடைய முன்னோர் தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்தனர். காய்ச்சலாலும் பசியாலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கல்லறைகூட இல்லை. அந்த வருகையின் இருநூறாவது ஆண்டை நினைத்து 2023 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடைபயணம் சென்றது. நம்மில் எத்தனை பேர் அச்செய்தியைப் படித்தோம்?

வந்தவர்களுக்குக் கிடைத்தது லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னே ஒரு சிறு விறாந்தை, ஒரே கூரையின்கீழ் வரிசையாக இருபது குடும்பங்கள், பீலிக்கரையில் தண்ணீர். அங்கே ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, மணமுடித்து, பிள்ளை பெற்று, இறந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவாயிற்று. தட்டில் போட்டு நெல் பிரிப்பதுபோல மக்களைப் பிரித்தனர். தகப்பன் இங்கே, மகள் அங்கே. கப்பலுக்கு அவர்களை ஏற்றிச்சென்ற புகையிரதத்துக்கு மலையகத்தார் இட்ட பெயர் "ஒப்பாரிக் கோச்சி". குடியுரிமைப் பிரச்சினை சட்டத்தில் ஏறக்குறைய முழுமையாகத் தீர்ந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் போயிற்று. நாட்கூலி ஆயிரம் ரூபா வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகள் இழுபட்டு, 2021இல்தான் வர்த்தமானியில் ஏறியது. அதே ஆண்டில் இரசாயனப் பசளைத் தடை வந்தது; நம் வேளாண்மை மஞ்சளித்து நின்றபோது அங்கே தேயிலையும் வெலிமடை உருளைக்கிழங்கும் அவ்வாறே நின்றன. அந்த ஒரு பருவத்திலாவது நாம் ஒரே துன்பத்தைத் தின்றோம்.

தேயிலைக்கு வெளியே ஊவாவின் இரண்டாவது செல்வம் மரக்கறி. 1967இல் உருளைக்கிழங்கு இறக்குமதி தடுக்கப்பட்டதிலிருந்து வெலிமடை, ஊவா பரணகமைப் பகுதிகளில் அது பொன்விளையும் பயிராயிற்று. வயலில் நெல் அறுத்தபின் அதே மண்ணில் கிழங்கு நடுகின்றனர். கெப்பெட்டிப்பொலையில் மரக்கறிக்கென ஒரு பொருளாதார நிலையம் உண்டு. களுவாஞ்சிகுடிச் சந்தையில் நீங்கள் பேரம் பேசும் கரட், போஞ்சி, கோவா, லீக்ஸ் எல்லாம் அந்த மலையின் குளிரில் விளையும் சாமான்களே. 2005இல் பதுளையில் ஊவா வெல்லச்சைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. நமது பகுதிப் பிள்ளைகளும் அங்கே கற்கச் செல்கின்றனர். ஆனால் தோட்டத்து இளைஞருள் அநேகர் கொழுந்துக் கூடையைத் தொட விரும்புவதில்லை. கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் போகின்றனர். அதிற் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நம் போடியார் வீட்டுப் பிள்ளைகளும் வரம்பில் நிற்பதில்லையே.

கலையைப் பற்றி ஒரு சொல். நமக்கு வடமோடி, தென்மோடி என்றால் உயிர். மலையகத்திலும் கூத்து உண்டு. மாசி மாதத்தில் காமன் கூத்து. பிறகு பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு. காமன் கூத்துக்குத் தனிக் களரி இல்லை. தோட்டம் முழுவதுமே களரி. மன்மதனைச் சிவன் எரிக்கும் இரவில் லயத்து வாசல்தோறும் தப்பு அதிரும். பழுகாமத்துத் திரௌபதையம்மன் சடங்கின் தீப்பள்ளயத்தைக் கண்டவர்களுக்கு, நெருப்பும் பாரதமும் மக்கள் வாழ்வில் எவ்வளவு ஆழத்தில் வேரோடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அர்ச்சுனன் தவத்துக்கு மரமேறும் தோட்டத்துக் கூத்தனும் நமது அண்ணாவியாரும் ஒரே பாரதத்தின் பிள்ளைகள்.

திருச்சபையின் பங்கு

1972 டிசெம்பரில் கண்டி மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து பதுளை மறைமாவட்டம் பிறந்தது. பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களே அதன் எல்லை. கத்தோலிக்கர் மிகச் சிறு தொகையினர். கண்டியில் ஆயராயிருந்த பெனடிக்ற் சபைத் துறவி லியோ நாணயக்கார ஆண்டகை, பெரிய மறைமாவட்டத்தை விட்டு, இந்தச் சிறிய ஏழை மறைமாவட்டத்தின் முதல் ஆயராக வந்தார். 1982இல் இறக்கும்வரை அங்கேயே பணிசெய்தார். சிங்களக் கிராமத்தானும் தமிழ்த் தோட்டத்தொழிலாளியும் ஒரே பீடத்தருகே நிற்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. சொல்ல எளிது, ஒரே திருப்பலியில் எந்த மொழியில் எந்தப் பாட்டு என்பதிலேயே மனத்தாங்கல் வருவதைக் கலப்புப் பங்குகளில் பணிசெய்த எந்தக் குருவும் அறிவார்.

அவர் அழைத்து வந்தவர்களுள் ஒருவர் அமலமரித் தியாகிகள் சபை அருட்தந்தை மைக்கல் றொட்றிகோ. பண்டாரவளையிற் குருமாணவரைப் பயிற்றுவித்தபின், தாழ்ந்த ஊவாவிலே புத்தளைப் பக்கத்துப் பௌத்த விவசாயிகள் நடுவே மண்குடிசையிற் குடியேறினார். மதமாற்றத்துக்கல்ல, அயலவனாக வாழ. 1987 நவம்பர் 10ஆம் நாள் மாலை, திருப்பலி முடியும் வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு ஜூன் 6ஆம் நாள் மட்டக்களப்பில் நமது அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ சுடப்பட்டார். ஏழு மாத இடைவெளியில், பதுளை வீதியின் இரு பக்கத்திலும், இரு குருக்களின் இரத்தம். கண்டியில் 1972இல் சத்தியோதய நிலையத்தை ஆரம்பித்து, தோட்ட மக்களின் உரிமைக்காக ஆயுள் முழுவதும் எழுதியும் பேசியும் வந்த இயேசு சபை அருட்தந்தை போல் கஸ்பெர்ஸும் இவ்வரிசையில் நினைக்கப்பட வேண்டியவர். இவர்கள் எவரும் தோட்டத்தில் பிறந்தவர்களல்லர்.

இங்கே நமது வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. 1973, 74இல் தோட்டங்களில் பஞ்சம். 1977இலும் 1983இலும் வன்செயல். வீடிழந்த மலையக மக்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கங்களுக்கு ஓடியதுபோல நமது மாவட்டத்துக்கும் வந்தனர். பதுளை வீதியோரக் குடியிருப்புகளில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று வாழ்கின்றனர். காடுவெட்டினர், நம் வயல்களில் கூலிக்கு நின்றனர், போர்க்காலத்தில் நாம் பட்ட அத்தனையையும் பட்டனர். ஆயினும் "தோட்டக்காட்டான்" என்ற சொல் நம் வாயிலிருந்து இன்னும் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சண்டையிடும்போது கேட்கிறேன். கலியாணப் பேச்சில் தாழ்ந்த குரலில் கேட்கிறேன். பதினான்கு வயதுப் பிள்ளையைத் தோட்டத்திலிருந்து வீட்டு வேலைக்குக் கொண்டுவந்து, ஞாயிறு பூசைக்கும் விடாமல் வைத்திருந்த வீடுகள் நமது சபையிலேயே இருந்தன. "சாப்பாடு கொடுக்கிறோமே, சுவாமி" என்பார்கள். எருசலேமிலிருந்து எரிக்கோவுக்கு இறங்கும் வழியும் ஒரு மலைப்பாதைதான். அங்கே அடிபட்டுக் கிடந்தவனைத் தாண்டிச் சென்றவர்கள் கோயிற்காரர் என்பதை நம் ஆண்டவர் வேண்டுமென்றே சொன்னார்.

மலை இன்னொரு விதத்திலும் இவர்களைச் சோதிக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலரது உடல்கள் எடுக்கப்படவேயில்லை. அவ்விடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கை இருந்தது. போவதற்குத்தான் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் பேரழிவு மலைநாட்டின்மேல்தான் விழுந்தது; பதுளை மாவட்டத்தில் ஊர்கள் மண்ணுள் போயின, மலைப் புகையிரதப் பாதை பல இடங்களில் அறுந்தது. 1978 சூறாவளியையும் 2004 ஆழிப்பேரலையையும் கண்டவர்கள் நாம். அந்நாட்களில் நமக்கு அரிசியும் உடுப்பும் வந்த வழிகளை முதியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

சிறுவர் செய்யவேண்டியது: ஒரு கொப்பித்தாளில் இலங்கையின் கிழக்குப் பாதியை வரையுங்கள். பட்டிப்பளை ஆற்றை நீல நிறத்தில் மலையிலிருந்து இங்கினியாகலைவரை இழுத்து, அங்கிருந்து நவகிரிக்கும் பழுகாமத்துக்கும் ஒரு மெல்லிய கோடு இடுங்கள். ஏ5 வீதியைச் சிவப்பில் வரைந்து, அதிலுள்ள ஊர்களின் பெயரைச் செங்கலடியிலிருந்து மேல்நோக்கி எழுதுங்கள். கச்சான் வீசும் திசையை அம்புக்குறியால் காட்டுங்கள். உங்கள் வகுப்பில் மலையகத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை இருந்தால், அவருடைய தாத்தா பாட்டியின் தோட்டம் எது என்று கேட்டு, அந்த இடத்தையும் படத்தில் குறியுங்கள்.